இரண்டும் வலத்தை

சமயநல்லூரில் வேலை பார்த்த வருடங்களை நினைத்தால் முதலில் ஞாபகத்துக்கு வருவது ஒரு தூக்கக் கலக்கம்தான். விளாங்குடியில் பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தால் திண்டுக்கல் ரோட்டுக் காற்று முகத்தில் அடிக்கும். கண் தானாகச் செருகும். ஆனால் நான் தூங்கியதில்லை. கண்டக்டர்கள் நான் தூங்குவதாகத்தான் நினைத்தார்கள். அவர்களில் சிலர் சமயநல்லூர் வந்ததும் இருக்கைக் கம்பியைத் தட்டி எழுப்பிவிடும் தர்மத்தையும் செய்தார்கள். நான் அந்த நேரத்தில் காற்றே இல்லாத ஒரு சின்னக் குடுவைக்குள் இருந்தேன். அங்கே இரண்டு செம்புக் கிண்ணங்கள், ஒன்று நிமிர்ந்தும் ஒன்று கவிழ்ந்தும், முகத்தோடு முகம் ஒட்டி நின்றன. அவை பிரியும்போது நடுவில் என்ன நடக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கண்டக்டர் தட்டினால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

தொண்ணூறுகளின் கடைசி அது. எங்கள் தொழிற்சாலை ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, கருவேல மரங்களுக்கு நடுவே இருந்தது. துணைமின் நிலையங்களுக்கு வேண்டிய பிரேக்கர் பெட்டிகள் செய்தோம். பிரேக்கர் என்றால் வீட்டு சுவிட்சுக்குப் பெரிய அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கோ கம்பி அறுந்து விழுந்தால், மரக்கிளை சாய்ந்தால், அது கண் இமைப்பதற்குள் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். பெட்டி எங்களுடையது, அதன் உயிரான வெற்றிடக் குடுவை மட்டும் வெளியிலிருந்து வந்தது. அந்தக் குடுவையையும் நாமே செய்தால் என்ன என்று முதலாளிக்கு ஒருநாள் ஆசை வந்தது. அதற்கென்று ஒரு டிசைன் பிரிவு தொடங்கி என்னை எடுத்தார். பிரிவின் தலைவியும் நான்தான், கடைநிலை ஊழியரும் நான்தான்.

இரண்டு உலோகத் துண்டுகளைப் பிரித்துவிட்டால் மின்சாரம் நின்றுவிடும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். நிற்காது. பெரிய மின்சாரம் ஓடும்போது பிரித்தால் பிரிகிற இடத்தில் உலோகம் கொதித்து ஆவியாகும். அந்த ஆவியையே பாலமாக்கிக்கொண்டு மின்சாரம் தீயாகத் தாண்டும். அதற்கு ஆர்க் என்று பெயர். காற்றே இல்லாத குடுவைக்குள் எரிவதற்கு வேறொன்றும் கிடையாது. தன்னைப் பெற்ற உலோகத்தையே தின்று அது எரியும். நம் ஊர் மின்சாரம் நொடிக்கு நூறு முறை ஒரு கணம் செத்துப் பிழைக்கிறது. அந்தக் கணத்தில் உலோகத்தின் முகம் ஆறியிருந்தால் தீ அணைந்துவிடும், மறுபடி எழாது. ஏதாவது ஓர் இடம் மட்டும் கொதித்துக்கொண்டிருந்தால் அங்கிருந்து திரும்பப் பற்றிக்கொள்ளும். அப்புறம் குடுவை வெடிக்கும், பெட்டி வெடிக்கும், முன்னால் நிற்பவர் கதி அதோகதி. ஆகவே தீயை ஒரே இடத்தில் சேர விடக்கூடாது. முகம் முழுக்கப் பரப்பி, மெல்லியதாக, யாருக்கும் வலிக்காமல் எரியவிட வேண்டும். என் உத்தியோகம் மொத்தமும் இந்த ஒரு வரிதான்.

எனக்கு இது புதிதாகத் தோன்றவில்லை. எங்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம், கோபம் வந்தால் மட்டும் தமிழ். அப்பா நூலுக்குச் சாயம் போடுபவர். தொட்டியில் நூல் கட்டை முக்கும்போது சாயம் ஓரிடத்தில் சேர்ந்துவிட்டால் அங்கே திட்டு விழும். அந்தக் கட்டு பாழ். அன்றைக்கு வீட்டில் தமிழ்தான் கேட்கும். நான் பொறியியல் படித்து என்னத்தைக் கிழித்தேன் என்று கேட்டால், சாயத்துக்குப் பதில் தீ, அம்புட்டுத்தான் வித்தியாசம் என்று சொல்லிவிடலாம்.

தீயைப் பரப்ப ஒரு வழி உண்டு. கிண்ணத்தின் சுவரில் சாய்வாக மெல்லிய கீற்றுகள் வெட்டிவிட்டால் மின்சாரம் நேராக இறங்க முடியாது. கீற்றுகளுக்கு நடுவே சாய்ந்து, சுவரைச் சுற்றிக்கொண்டுதான் இறங்க வேண்டும். அப்படிச் சுற்றுகிற மின்சாரம் இரண்டு கிண்ணங்களுக்கும் நடுவே ஒரு காந்தப் புலத்தை உண்டாக்கும். அந்தப் புலம் தீயின் இழைகளைத் தனித்தனியாகப் பிடித்து நிறுத்தும், ஒன்றின்மேல் ஒன்று விழ விடாது. பஸ் ஸ்டாண்டில் உசிலம்பட்டி வண்டி வந்து நின்றதும் ஒரே படிக்கட்டில் கூட்டம் அப்புவதைப் பார்த்தவர்களுக்கு இப்படி ஒரு புலம் எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

கீற்று வெட்டியவர் உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரு மானாவாரிக் கிராமத்திலிருந்து வந்த மில்லிங் மெஷின்காரர். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். நான் அண்ணே என்பேன். மற்றவர்கள் எதிரில் அவருக்கு நான் மேடம், டீக்கடையில் தங்கச்சி. அவருடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை பார்த்தவர்கள். அவர் ஐ.டி.ஐ. முடித்து முதலில் எங்கள் பிரஸ் செக்‌ஷனில் தகடு வெட்டப் போனார். அங்கே இடது கையில் ஒரு விரல் நுனியைக் கொடுத்துவிட்டுத்தான் மில்லிங்குக்கு வந்தார். பிரஸ் இறங்கும் சத்தம் கேட்டால் பேசிக்கொண்டிருக்கும் பேச்சு அவருக்கு அறுந்துவிடும். ஒரு கணம் எங்கேயோ பார்த்துவிட்டுப் பிறகு தொடர்வார். அந்தக் கணத்தில் நானும் பேசமாட்டேன்.

டெஸ்ட் ரூம் ஒரு விநோதமான இடம். ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் துணி. நடுவில் இரும்புக் கலயம் போல ஒரு பாத்திரம். உள்ளே கிண்ணங்களைப் பொருத்தி மூடி, பம்ப் போட்டுக் காற்றை உறிஞ்சி எடுக்க வேண்டும். காற்று முழுக்கப் போவதற்குக் காலையிலிருந்து மத்தியானம் ஆகிவிடும். பம்பைக் குளிரவைக்கத் தண்ணீர் வேண்டும், தண்ணீர் லாரி வர வேண்டும், லாரி வருகிற நேரத்தில் கரண்ட் இருக்க வேண்டும். இந்த மூன்று கிரகமும் ஒன்றாகச் சேர்ந்த நாளில்தான் சோதனை. காத்திருக்கும் நேரத்தில் பம்பின் முனகலைக் கேட்டுக்கொண்டு, இருட்டில், வியர்வையில், நான் பாதிக் கனவில் உட்கார்ந்திருப்பேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியாக வேறெங்கும் உட்கார்ந்ததாக ஞாபகம் இல்லை.

பாத்திரத்தின் தோளில் சாய்வாக ஒரு கண்ணாடி வட்டம். ஒரு முகம் வைக்க மட்டுமே இடம். வெல்டிங் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தால் கீழ்க் கிண்ணத்தின் முகம் முட்டை வடிவத்தில் தெரியும். அதிவேகக் கேமரா எல்லாம் எங்களுக்குக் கனவு. எங்கள் கேமரா கண்தான். சுவிட்ச் போட்டதும் 'டக்' என்று ஸ்பிரிங் அடிக்கும், ஒரு மின்னல், முடிந்தது. அது நடக்கும்போது ஒன்றும் தெரியாது. உடனே கண்ணை இறுக மூடிக்கொள்ள வேண்டும். மூடிய கண்ணுக்குள் அந்த மின்னலின் வடிவம் கொஞ்ச நேரம் நிற்கும். அதை அவசரப்படாமல் பார்த்து, வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதுதான் எங்கள் ரிப்போர்ட். பக்கத்து செக்‌ஷன்காரர்கள் எங்களை 'தியான மண்டபம்' என்று கிண்டல் செய்வார்கள்.

கீற்று இல்லாத சாதாரண முகங்களை வைத்துப் பார்த்த நாட்களில் கண்ணை மூடினால் ஒரு புள்ளி நிற்கும். வெள்ளையாக, ஊசியால் குத்தியதுபோல. தீ ஓரிடத்தில் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். மாதக் கணக்கில் புள்ளியையே பார்த்தேன். வீட்டில் சாப்பிடும்போது வெள்ளைச் சோற்றிலும் புள்ளி தெரிந்தது. எனக்கு வேண்டியது ஒரு தட்டு. முகம் முழுக்க, விளிம்புவரை, ஒரே சீராக வெளிச்சம் பரவி நிற்கும் தட்டு. அதை ஒரு தடவை கண்ணுக்குள் பார்த்துவிட்டால் போதும் என்று அந்த நாட்களில் சாமியிடம்கூட வேறெதுவும் கேட்டதில்லை.

முதலாளி நல்ல மனிதர். ஆனால் அவசரம் அவருக்கு மூக்கு நுனியில் இருந்தது. கிண்ணத்தின் முகத்தில் ஒட்டும் செம்பு, குரோமியம் கலந்த வில்லைகள் எங்கோ தூரத்திலிருந்து வரவேண்டும். கையில் இரண்டு ஜோடிதான் மிச்சம். இந்தக் கீற்றுக் கிண்ணமும் ஆகவில்லை என்றால் குடுவையைப் பழையபடி வாங்கிக்கொள்வோம், பிரிவை மூடிவிடுவோம் என்று சொல்லிவிட்டார். மூடினால் நான் மூட்டையைக் கட்டிக்கொண்டு வேறு ஊர் பார்க்க வேண்டும். மதுரையில் வேறு யாரும் காற்றில்லாத குடுவைக்குள் கனவு காணச் சம்பளம் தரமாட்டார்கள். அண்ணன் பிரஸ் செக்‌ஷனுக்குத் திரும்ப வேண்டும். அதை முதலாளி சாதாரணமாகச் சொன்னார், அண்ணனும் சாதாரணமாகத் தலையாட்டினார். நான்தான் அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

முதல் ஜோடி தயாரானது. அண்ணன் வெட்டிக் கொடுத்த கிண்ணங்களில் கீற்றுகள் தலைமுடி வகிடு போல் இருந்தன. கீழ்க் கிண்ணத்தை ஒருநாளும் மேல் கிண்ணத்தை மறுநாளும் பொருத்தினேன். பக்கவாட்டில் பார்த்தபோது மேலே உள்ள கீற்றும் கீழே உள்ள கீற்றும் கூரையின் இரண்டு சரிவுகள் மாதிரி ஒன்றுக்கொன்று எதிராகச் சாய்ந்து, பார்க்க லட்சணமாக இருந்தன. ஒன்று கவிழ்ந்து நிற்கிறது, அதனால் எதிர்ப்பக்கம் சாய்ந்து தெரிகிறது என்று மனசு தானாகச் சொல்லிக்கொண்டது. லட்சணமாக இருப்பதை மனசு சந்தேகப்படுவதில்லை.

அன்றைக்கு மூன்று கிரகமும் சேர்ந்தன. நான் கண்ணாடியில் முகத்தை வைத்தேன். சோதனை நாளில் மட்டும் வரும் உதவியாளர் சுவிட்சைப் போட்டார். 'டக்.' கண்ணை மூடினேன்.

வளையம். பச்சையும் நீலமுமாக, கோழிமுட்டை வடிவத்தில், இருட்டில் தனியாக மிதக்கும் ஒரு வளையம். அதுவரை நான் பார்த்த எதிலும் அவ்வளவு அழகு இருந்ததில்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மங்கி மறையும்வரை எனக்குச் சந்தோஷம்தான். மறைந்த பிறகுதான் உறைத்தது. நடுவில் ஒன்றுமே இல்லை. தீ பரவவில்லை, ஒன்றாகச் சேர்ந்து, உருண்டையாகி, விளிம்பில் பேய் ஓட்டம் ஓடியிருக்கிறது. ஓடிய தடம்தான் வளையம்.

அடுத்த தடவை முதலாளி பார்த்தார். கண்ணை மூடினார். பெரிய மனிதர், குழந்தைபோல் சிரித்தார். "வலம் வருதும்மா, தீ வலம் வருது" என்றார். மீட்டரும் மின்சாரம் துண்டிக்கப்பட்டதாகத்தான் சொன்னது. அவர் நேராக மில்லிங் செக்‌ஷனுக்குப் போய் அண்ணன் முதுகில் தட்டி, இனி உனக்குப் பிரஸ் பக்கமே வேலை இல்லை என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். வாங்குகிறவர்களுக்கெல்லாம் போன் போட்டு, வந்து பாருங்கள் என்று கூப்பிட்டார். சாயங்காலம் எல்லோருக்கும் லட்டு. நான் என்னுடையதை உதவியாளரிடம் கொடுத்துவிட்டேன்.

சேர்ந்த தீ ஓடினாலும் சேர்ந்த தீதான். எங்கள் சின்ன டெஸ்ட் ரூமில் கிடைக்கும் மின்சாரத்துக்கு அது அணைந்துவிட்டது. வெளியே நிஜமான கோளாறு வரும்போது இதைப்போலப் பல மடங்கு வரும். பரவுகிற தீக்காக மெல்லியதாகச் செய்த முகம் அந்த ஓட்டத்தைத் தாங்காது, விளிம்பு உருகி வழிந்துவிடும். மறுநாள் பாத்திரத்தைத் திறந்து பார்த்தேன். விளிம்பெல்லாம் வண்டித்தடம் போலக் கீறியிருந்தது. இரண்டு கிண்ணங்களையும் வெளியே எடுத்து மேஜைமேல் நிமிர்த்தி, பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஒன்றின் கீற்று வலப்பக்கம் சாய்ந்திருந்தது. மற்றதன் கீற்று இடப்பக்கம். என் படத்தில் இரண்டும் ஒரே மாதிரி. ஒரே மாதிரி இருந்தால்தான் ஒன்றைக் கவிழ்த்து வைக்கும்போது மின்சாரம் இரண்டிலும் ஒரே திசையில் சுற்றும். எதிரெதிராகச் சுற்றினால் ஒன்றின் புலத்தை மற்றது கெடுத்து, தீயைப் பிடித்து நிறுத்துவதற்குப் பதில் விரட்டிவிடும். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான்.

முதலாளியிடம் போகவில்லை. சாயங்காலம் டீக்கடையில் அண்ணனிடம் முதலில் சொன்னேன். ஒரு கிண்ணம் மாறி வெட்டுப்பட்டிருக்கிறது என்றேன். அவர் முகத்தில் பதற்றமே இல்லை. கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"மாறல தங்கச்சி, நாந்தான் மாத்தி வெட்டுனேன். நீங்க ஒன்னைத்தான் வரைஞ்சு, ரெண்டு வேணும்னு எழுதியிருந்தீக. ஜோடில்ல? ஜோடின்னா ஒன்னு வலத்தை, ஒன்னு இடத்தை. மறந்துட்டீகன்னு நெனச்சேன்."

ஏரில் பூட்டும் மாட்டைச் சொல்கிறார். வலப்பக்கம் நடந்து பழகியது வலத்தை, இடப்பக்கம் பழகியது இடத்தை. மாற்றிப் பூட்டினால் நடக்காது. அவர் அப்பா காலமெல்லாம் ஓட்டியது அடுத்தவர் மாடு. ஆனாலும் எந்த வீட்டு மாடு எந்தப் பக்கம் என்று அவருக்குத் தெரியாமல் இருந்ததில்லையாம். செருப்பு அப்படித்தான். கதவு அப்படித்தான். கும்பிடுகிற கை அப்படித்தான். உலகத்தில் ஜோடி என்று சொல்லப்படுவதெல்லாம் அவர் கட்சியில்தான் இருந்தது. என் கட்சியில் ஒன்றுமே இல்லை.

பிறகு என் வலது கையை நீட்டினேன். "கை குடுங்கண்ணே" என்றேன்.

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் எங்களைத்தான் பார்த்தார்கள். எங்கள் பக்கத்தில் அப்போதெல்லாம் ஆணும் பெண்ணும் கை குலுக்குவது பேன்ட் போட்ட பெரிய ஆபீசர்கள் கொஞ்சம் பேர் செய்கிற காரியம். அதிலும் எங்கள் இரண்டு வீடுகளுக்கு நடுவே எவ்வளவு தூரம் என்பது பெஞ்சில் இருந்தவர்களுக்குத் தெரியும், எங்களுக்கும் தெரியும். அவர் கையைச் சட்டையில் இரண்டு பக்கமும் துடைத்துவிட்டு நீட்டினார். பிடித்துக்கொண்டேன். விடவில்லை. பாருங்கள் என்றேன். எதிரெதிராக நிற்கிற இரண்டு பேர். இரண்டு பேருடையதும் வலது கை. ஒன்றுக்குள் ஒன்று எப்படிப் பொருந்தி ஒரே பக்கமாகச் சுற்றிக்கொண்டு போகிறது பாருங்கள்.

அவர் குனிந்து கைகளைப் பார்த்தார். டீ ஆறும்வரை பார்த்தார்.

"ரெண்டும் வலத்தை" என்றார்.

அதற்கப்புறம் அவர் முகம் விழுந்துவிட்டது. நான் படத்தில்தான் தப்பு என்று முதலாளியிடம் சொல்லிவிடுகிறேன் என்றேன். என்னை அவரால் பிரஸ்ஸுக்கு அனுப்ப முடியாது, அதிகபட்சம் நாலு வார்த்தை கேட்பேன், அவ்வளவுதானே. அண்ணன் தலையாட்டவில்லை. தப்பு என்று யார் சொன்னாலும் முதலாளி நம்பமாட்டார், அவருக்கு அந்த வளையம் பிடித்துவிட்டது, அடுத்த ஜோடியையும் இதே மாதிரி வெட்டு என்பார், மாற்றி வெட்டியவரே போய்ச் சொன்னால்தான் நம்புவார் என்றார். சொல்லாமல் விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று ஒரு தடவை கேட்டார். விளிம்பு உருகும், என்றாவது ஒருநாள் பெட்டி வெடிக்கும் என்றேன்.

"என் தம்பி சப்ஸ்டேஷன்லதான் வேலை பாக்குறான். பெட்டிக்கு முன்னாடிதான் நிப்பான்" என்றார். டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு, வாரேன் தங்கச்சி என்று பஸ்ஸுக்கு நடந்தார்.

மறுநாள் காலை நான் போய்ச் சேருவதற்கு முன்பே அவர் முதலாளி அறையில் சொல்லி முடித்திருந்தார். நான் உள்ளே போனபோது முதலாளி சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. ஊரையெல்லாம் கூப்பிட்டாகிவிட்டது, இப்போது அந்த அழகான வளையத்தை அழித்துவிட்டு எதைக் காட்டப் போகிறீர்கள் என்று கேட்டார். தட்டு மாதிரி மங்கலாக ஒன்று தெரியும் என்றேன். "மங்கலாவா?" என்றார். எனக்கே அது ஒரு மாதிரிதான் இருந்தது. கடைசியில் வாங்குகிறவர்களை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். மிச்சமிருந்த வில்லைகளை வைத்து இன்னும் ஒரே ஒரு ஜோடி செய்து பார்க்கலாம். சொன்னபடி தெரியவில்லை என்றால் பிரிவு இல்லை, அண்ணன் அன்றைக்கே பிரஸ்ஸில் நிற்க வேண்டும் என்றார். அண்ணன் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

கிண்ணங்கள் வந்தன. இந்தத் தடவை இரண்டும் வலத்தை. ஒன்றைக் கவிழ்த்து ஒன்றின்மேல் வைத்தால் கீற்றுகள் எதிரெதிராகச் சாயாமல், ஒரே சாய்வாக, மேலிருந்து கீழே ஒரே முறுக்காக இறங்கின. கூரை மாதிரி லட்சணமில்லை. தாவணியைப் பிழிந்த முறுக்கு மாதிரி இருந்தது. நான் நாலைந்து தடவை கவிழ்த்துக் கவிழ்த்துப் பார்த்தேன், எனக்கே நம்பிக்கை வரவில்லை.

அன்றைக்குத் தண்ணீர் லாரி சொன்ன நேரத்துக்கு வந்தது. கரண்ட் போகவில்லை. காலை முழுக்கப் பம்ப் முனகியது. உதவியாளருக்கு வீட்டில் விசேஷம், லீவு. ஆக சுவிட்ச் அருகில் நான் நிற்க வேண்டும். கண்ணாடியில் யார் முகத்தை வைப்பது? முதலாளி வந்தார்; ஆனால் கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார், கண்ணாடிப் பக்கம் வருவதாக இல்லை. தன் வளையத்தைக் கொன்றவர்களின் முகத்தில் முழிக்க விருப்பமில்லாதவர் மாதிரி நின்றார். சுவிட்சை நீங்கள் போடுங்கள், நான் பார்க்கிறேன் என்று அவரிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் செய்திருப்பார். இத்தனை நாள் பஸ்ஸிலும் சோற்றுத் தட்டிலும் நான் தேடிய காட்சி அது. அதை வேறொருவருக்குக் கொடுக்க எனக்கு மனசே இல்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

ஆனால் அந்த அறையில் அன்றைக்கு அதிகம் இழக்கக்கூடியவர் நான் இல்லை. போய் அண்ணனைக் கூட்டிவந்தேன். எண்ணெய், தூசி வரும் என்று மெஷின்காரர்களை அந்த அறைக்குள் விடும் வழக்கம் கிடையாது. தன் கையால் வெட்டியது உள்ளே என்ன ஆகிறது என்று அவர் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. குழாயில் கைகால் முகம் கழுவி, பையிலிருந்த வேறு சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். முதலாளி என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். அவர் கொஞ்சம் ஒதுங்கி வழிவிட்டார்.

அண்ணனை ஸ்டூலில் உட்கார வைத்து, வெல்டிங் கண்ணாடியைக் கையில் கொடுத்தேன். இமைக்காமல் பாருங்கள், மின்னியதும் கண்ணை மூடிக்கொள்ளுங்கள், என்ன தெரிகிறதோ அதை மட்டும் சொல்லுங்கள் என்றேன். என்ன தெரிய வேண்டும் என்று சொல்லவில்லை. சொன்னால் அவர் எனக்காக அதையே பார்த்துவிடுவார் என்று பயம். விளக்கை அணைத்தேன். அந்த இருட்டில் அவர் மூச்சு எனக்குக் கேட்டது. சுவிட்சைப் போட்டேன்.

'டக்.'

மீட்டர் முள் எழுந்து விழுந்தது. மின்சாரம் நின்றது. வளையத்துக்கும் அப்படித்தான் நின்றது, அதில் நம்புவதற்கு ஒன்றுமில்லை. இனி எல்லாமே அவர் வாயில் இருந்தது. விளக்கைப் போட்டேன். அவர் கண்ணை மூடியபடி உட்கார்ந்திருந்தார்.

முதலாளிதான் கதவோரத்திலிருந்து கேட்டார். "என்னய்யா, ஓடுதா?"

"ஓடல சார்."

"அப்பப் புள்ளியா?"

"புள்ளியும் இல்ல சார்." அண்ணன் அதோடு நிறுத்தவில்லை. முகத்தைக் கண்ணாடியிலிருந்து மெதுவாக எடுத்து, கண் திறக்காமலே பேசினார். "சோழவந்தான் பக்கம் நாத்தங்கால் பாத்திருக்கீகளா? அந்த மாதிரி இருக்கு. பூராப் பச்சை. ஒன்னொன்னும் தனித்தனியாத்தான் நிக்குது, ஆனா எங்கயும் சொட்டை இல்ல. ஓரம்வரைக்கும் அம்புட்டும் ஒரே ஒசரம்."

நான் சுவிட்சைப் பிடித்தபடி அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டேன். அழுகை வந்தது, துடைக்கவும் தோன்றவில்லை. தட்டு என்று நான் சொல்லிக்கொண்டிருந்ததெல்லாம் எவ்வளவு மொக்கையான வார்த்தை. இழைகள் தனித்தனியாக நிற்க வேண்டும், எங்கேயும் விட்டுப்போகக் கூடாது, விளிம்புவரை ஒரே சீராக இருக்க வேண்டும் என்று எந்தப் புத்தகத்தில் படித்தேனோ அது அத்தனையும் அவர் சொன்னதில் இருந்தது. அவருக்கு நான் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆகிவிட்டது. அவர் பிரஸ்ஸுக்குப் போக வேண்டியதில்லை, நான் ஊரை விட்டுப் போக வேண்டியதில்லை. அதை நான் பார்க்கவில்லை. ஆனால் பார்த்துவிட்டேன்.

முதலாளி கையை அவிழ்த்தார். கதவோரத்திலிருந்து வேகமாக நடந்து ஸ்டூலுக்குப் பக்கத்தில் வந்தார். அவருக்கும் பார்க்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது.

"எந்திரிய்யா. அடுத்த தடவை நான் பாக்குறேன்."

அண்ணன் எழுந்திருக்கவில்லை. கண்ணைத் திறக்கவும் இல்லை. நுனி இல்லாத விரலோடு இருந்த இடது கையை லேசாக உயர்த்திக் காட்டினார்.

"செத்த இருங்க சார். இன்னும் நிக்குது."

முதலாளி ஸ்டூலுக்குப் பக்கத்தில் நின்றபடி காத்திருந்தார்.